ஜாதகத்தோடு அனுப்பிய மின்னஞ்சலை நடுவில் இருப்பவர்கள் படிக்க முடியுமா?

இரண்டாங்கட்டு | செவ்வாய், இரவு 9.40

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் தேவகோட்டை. மகளுக்கு ஒன்றரை வருடமாக மாப்பிள்ளை பார்க்கிறோம். எங்கள் பக்கத்தில் சிலர் சேவையாக வரன் தகவல் பரிமாற்றம் நடத்துகிறார்கள், பெயர் வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் கொடுப்பார்கள், அந்த எண்ணிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி. நாம் அதற்கு எழுதினால் அவர்களுடைய சர்வர் வழியாகச் சம்பந்தப்பட்ட வீட்டுக்குப் போய்விடும். நம் முகவரி அந்த வீட்டாருக்குத் தெரியாது, அந்த வீட்டார் முகவரி நமக்குத் தெரியாது. கோயில், அதாவது குலப்பிரிவு, வேறாக இருந்து ஜாதகமும் ஒத்துவந்தால், அப்புறம் விருப்பப்பட்டு நேரே பேசிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு என்றுதான் சேர்ந்தோம்.

கோலாலம்பூரில் இருக்கும் ஒரு வீட்டோடு பொருத்தம் நன்றாக வந்தது. பேச்சு நீளும் முன்பு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மகளுக்கு 4 வயதில் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைக்க ஆபரேஷன் நடந்தது. அப்போது நாங்கள் நாக்பூரில் இருந்தோம், ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது ஒரு தொந்தரவும் இல்லை, மாத்திரைகூடக் கிடையாது. ஆனாலும் மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்ற பேச்சு நாளைக்கு வரக்கூடாது. அதனால் மருத்துவமனைத் தாள்களை ஸ்கேன் செய்து, ஜாதகத்தோடு சேர்த்து, எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துப் பள்ளத்தூரில் ஒரு சாந்தி வீட்டுக்கு, அறுபதாம் கல்யாண விசேஷத்துக்கு, போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஆச்சி, எனக்கு அதிகம் பழக்கமில்லாதவர், "உங்க மகளுக்கு நெஞ்சுல ஆபரேசன் ஆச்சாமே, இப்பத் தேவலையா?" என்று கேட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நடத்துபவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நாங்கள் எதையும் படிப்பதில்லை, மெசின் வாங்கி மெசின் அனுப்புகிறது" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். நான் யார்மீதும் பழி போடவில்லை. படிக்க முடியுமா முடியாதா, அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

கண்மாய்மேடு | செவ்வாய், இரவு 10.25

முடியும் ஆச்சி. 14 வருடமாக மெயில் சர்வர் பார்ப்பதுதான் என் பிழைப்பு, ஊர் கொத்தமங்கலம், இருப்பது பெங்களூரு. அவர்கள் படித்தார்களா என்பதை இங்கே உட்கார்ந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. படிக்க முடியும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் கடிதம் போன வழியைப் பாருங்கள். உங்கள் போனிலிருந்து உங்கள் மின்னஞ்சல் நிறுவனத்தின் சர்வர், அங்கிருந்து இவர்களுடைய சர்வர், அங்கிருந்து கோலாலம்பூர்க்காரர்களின் சர்வர். ஒவ்வொரு இடத்திலும் கடிதத்தை ஒரு ஃபைலாக எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த இடம் "வந்து சேர்ந்தது" என்று சொன்ன பிறகுதான் அழிப்பார்கள். நடுவழியில் தொலையக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சர்வர்கள் கடிதத்தை இப்படிக் கைமாற்றிக்கொள்ளும் எஸ்எம்டிபி என்ற விதிமுறையை ஜான் போஸ்டல் 1982இல் எழுதினார். அன்றைக்குக் கணினி வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். கடிதத்துக்கு உறை போடும் எண்ணமே அதில் இல்லை. எத்தனையோ திருத்தங்களுக்குப் பிறகு இன்றும் அடியில் ஓடுவது அதுதான்.

மெயில் சர்வரை ஓட்ட போஸ்ட்ஃபிக்ஸ் என்று ஒரு மென்பொருள், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். வரிசையில் நிற்கும் கடிதத்தைத் திறந்து காட்ட அதில் போஸ்ட்கேட் என்று ஒரு கட்டளையே உண்டு. "ஆல்வேஸ் பிசிசி" என்று ஒரு வரியை அமைப்புக் கோப்பில் சேர்த்துவிட்டால் அந்த வழியாகப் போகும் எல்லாக் கடிதத்துக்கும் ஒரு நகல் வேறொரு பெட்டியில் விழுந்துகொண்டே இருக்கும். அனுப்பியவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. சட்டப்படி நகல் வைத்திருக்க வேண்டிய நிறுவனங்களுக்காக வந்த வசதி அது, ஆனால் சாவி, அதாவது சர்வரின் பாஸ்வேர்டு, கையில் இருக்கிறவர் யாரும் போட்டுவிடலாம்.

மெசின் வாங்கி மெசின் அனுப்புகிறது என்று அவர் சொன்னது பொய்யில்லை. அந்த மெசினுக்குச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று அவரைக் கேளுங்கள்.

ஆத்தங்குடிக்கல் | செவ்வாய், இரவு 11.05

எனக்கு ஒரு சந்தேகம் அண்ணே. ஜிமெயிலில் ஒரு பூட்டுப் படம் காட்டுகிறதே, மறையாக்கம் செய்யப்பட்டது என்று வருகிறதே? அப்படியிருக்கும்போது நடுவில் உள்ளவர் எப்படிப் படிப்பார்? நாங்கள் டைல்ஸ் வியாபாரம், வெளிநாட்டு ஆர்டர் எல்லாம் மெயிலில்தான் வருகிறது. விலை, பேங்க் கணக்கு எண் எல்லாம் அதில்தான் போகிறது.

கண்மாய்மேடு | செவ்வாய், இரவு 11.30

அந்தப் பூட்டு வழிக்கு மட்டும்தான் தம்பி. நீங்கள் ஒரு பெட்டி டைல்ஸைக் காரைக்குடியில் வண்டி ஏற்றிப் பூட்டுப் போட்டு அனுப்புகிறீர்கள். மதுரையில் பூட்டைத் திறந்து, சரக்கை இறக்கி, கிட்டங்கியில் வைத்து, வேறு வண்டியில் ஏற்றி, வேறு பூட்டுப் போடுகிறார்கள். வழியில் திருடன் கை வைக்க முடியாது, சரி. மதுரைக் கிட்டங்கியில் இருப்பவருக்கு எந்தப் பூட்டும் கிடையாது. மெயில் சர்வர்களுக்கு நடுவே இந்த வழிப்பூட்டு, அதாவது ஸ்டார்ட் டிஎல்எஸ், 1999இல்தான் விதிமுறையாக வந்தது. அதற்கு முன்னால் வண்டிக்கும் பூட்டு இல்லை.

வாட்ஸப்பில் பூட்டு அனுப்புகிறவர் போனில் போட்டு வாங்குகிறவர் போனில் திறப்பது. மெயிலில் அப்படி வேண்டுமானால் பிஜிபி மாதிரி ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஃபில் சிம்மர்மன் 1991இலேயே அதை எழுதி வெளியிட்டார். தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் 2020இலிருந்து உள்ளேயே வைத்துக் கொடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் சாவி செய்து வைத்திருந்தால்தான் வேலை செய்யும், அதனால் நம் வீடுகளில் யாரும் அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. அப்படியே பயன்படுத்தினாலும் யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது மறையாது, பொருள் வரியும் பெரும்பாலும் வெளியில்தான் தெரியும். "மகளின் ஆபரேஷன் விவரம்" என்று பொருளில் போட்டுவிட்டு உள்ளே பூட்டிப் பயனில்லை.

ஆத்தங்குடிக்கல் | புதன், காலை 6.50

இதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. எங்கள் கடைப் பெயரில் மெயில் போட்டுக் கொடுத்த ஆள் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. விடிகாலை எழுந்து செட்டிங்ஸைத் திறந்து ஃபார்வர்டிங் பக்கத்தைப் பார்த்தால், வருகிற மெயிலுக்கெல்லாம் ஒரு நகல் அவருடைய சொந்த முகவரிக்குப் போகிறது. ஆரம்பத்தில் சோதனைக்காகப் போட்டிருப்பார், எடுக்க மறந்திருப்பார் என்றுதான் நம்புகிறேன். ஆனால் இரண்டு வருடமாக நாங்கள் பேசிய விலையெல்லாம் ஒருவர் கையில் இருந்திருக்கிறது. இப்போது எடுத்துவிட்டேன், பாஸ்வேர்டும் மாற்றிவிட்டேன். கடை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போய் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டு பக்கத்தையும் பாருங்கள்.

பழையதபால்பை | புதன், காலை 8.15

அஞ்சல் துறையில் 36 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மின்னஞ்சல் நுணுக்கம் எனக்குத் தெரியாது. கடிதத்தைக் கொண்டு போகிறவன் எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியும்.

அஞ்சல் அட்டை எழுதியவர்களுக்கு அதை யாரும் படிக்கலாம் என்று தெரியும், அதனால் அதற்கேற்பத்தான் எழுதினார்கள். "நலம், நலமறிய ஆவல், விவரம் கவரில்" என்று முடித்துவிடுவார்கள். உறை வேறு. 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தில், கடமைக்கு மாறாக ஓர் அஞ்சலைப் பிரிக்கும் ஊழியருக்கு 2 ஆண்டு வரை சிறை என்று இருந்தது. வேலையில் சேர்ந்த நாளிலேயே அதைச் சொல்லிவிடுவார்கள். பையில் அரக்கு முத்திரை, பையோடு பட்டியல், வாங்குபவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்து. ஒரு பை என் கையில் இருந்த நேரம் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று தாளில் இருக்கும்.

முகவரியும் சரியில்லை, அனுப்பியவர் பெயரும் வெளியில் இல்லை என்றால் கடிதத்தைப் பிரித்தாக வேண்டும். அதற்கென்றே தனி அலுவலகம் இருந்தது, அதற்கென்று நியமித்தவர் மட்டும் பிரிப்பார், அனுப்பியவர் முகவரியைக் கண்டுபிடிக்க எவ்வளவு வேண்டுமோ அதற்குத்தான் அனுமதி. கிளை அலுவலகத்தில் இருக்கும் நான் ஆர்வத்தில்கூடத் தொட முடியாது.

இன்னொன்று. யுத்தக் காலத்துக் கடிதங்கள் இங்கே பழைய வீடுகளின் பெட்டகங்களிலிருந்து வெளியே வரும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் பார்த்திருக்கிறேன். தணிக்கைக்குப் பிரித்த உறைகளின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள், பரிசோதகர் பிரித்தது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். பிரித்தவன் வெள்ளைக்காரன் அரசாங்கம், அவனே பிரித்தேன் என்று ஒட்டி அனுப்பினான். உங்கள் மின்னஞ்சலில் அந்தச் சீட்டு உண்டா? கண்மாய்மேடு தம்பி சொல்லட்டும்.

கண்மாய்மேடு | புதன், காலை 9.00

இல்லை ஐயா. ஜிமெயிலில் "ஷோ ஒரிஜினல்" என்று போய்ப் பார்த்தால் "ரிசீவ்டு" என்று தொடங்கும் வரிகள் இருக்கும், கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். எந்தச் சர்வர் எத்தனை மணிக்கு வாங்கியது என்று உங்கள் பைப் பட்டியல் போலவே இருக்கும். நடுவில் 4 மணி நேரம் தங்கியிருந்தால் அதுவும் தெரியும். தங்கிய நேரத்தில் யாராவது திறந்தார்களா என்பது தெரியாது. கடிதம் ஏன் தங்கியது என்று கேட்கலாம், அவ்வளவுதான்.

ஆச்சி, நீங்கள் அனுப்பியது பல நிமிடங்களோ மணிகளோ தாமதமாகப் போய்ச் சேர்ந்ததா? அந்த வீட்டார் வந்த கடிதத்தைத் திறந்து இந்த வரிகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நெல்லிமரத்தடி | புதன், பகல் 12.10

எல்லோரும் சர்வரையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மனிதர்களைப் பாருங்கள். கடிதம் போய்ச் சேர்ந்த வீட்டில் எத்தனை பேர்? அப்பச்சி, ஆத்தா, பையன், ஜாதகம் பார்க்க ஜோசியர், அவருக்கு எடுத்துப்போக பிரின்ட் போட்ட கடை, கூடவே குடும்ப வாட்ஸப் குழு. கோலாலம்பூர் வீட்டுக்குப் பள்ளத்தூரில் பங்காளி இல்லாமலா இருப்பார்கள்? மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பது நம் வழக்கம்தானே, விசாரிக்கும்போது "அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் ஆமே" என்று ஒரு வார்த்தை விழுந்திருக்கும். சம்பளம் வாங்காமல் ஊருக்கு நல்லது செய்கிற ஒருவரைச் சந்தேகித்துப் பேசினால் நாளைக்கு இந்த வேலைக்கு யாரும் வரமாட்டார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

பங்குவீடு | புதன், பிற்பகல் 3.35

நெல்லிமரத்தடி அண்ணன் சொல்வது நியாயம், பாதிதான் நியாயம். நான் அந்த நடு ஆளாக இருக்கிறவன், அதனால் எழுதுகிறேன்.

கடியாபட்டியில் எங்கள் வளவுக்கு, பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீட்டுக்கு, 43 பங்கு. சென்னை, சிங்கப்பூர், பினாங்கு என்று சிதறிக் கிடக்கிறோம். ஓடு மாற்றுவது, வரி கட்டுவது, முன்னோருக்குப் படைக்கும் படைப்புத் தேதி, எல்லாவற்றுக்கும் ஒரு பொது முகவரி. அதற்கு எழுதினால் 43 பேருக்கும் போகும், குறிப்பிட்ட பங்குக்காரர் எண் போட்டால் அவருக்கு மட்டும் போகும். 2016இலிருந்து நான்தான் பார்க்கிறேன்.

நான் படிக்க நினைத்ததே இல்லை. ஆனால் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. யாராவது முகவரி மாற்றிக்கொண்டு சொல்லாமல் விட்டால் அவருக்குப் போன கடிதம் திரும்பி என் பெட்டிக்கு வரும், முழுக் கடிதமும் உள்ளே இருக்கும். ஸ்பாம் என்று சர்வர் பிடித்து வைத்ததில் நல்ல கடிதம் இருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும், பார்க்கிறது என்றால் திறக்கிறதுதான். "கடிதம் வரவில்லை, என்ன ஆச்சு பார்" என்று பெரியவர் ஒருவர் போன் பண்ணுவார், தேடினால் உள்ளே இருப்பதும் தெரியும்.

2019இல் இரண்டு பங்காளிகள் தங்கள் பங்கை விற்பது பற்றி எழுதிக்கொண்ட கடிதம் இப்படித் திரும்பி வந்தது. முதல் வரியோடு நிறுத்தியிருக்கலாம். கடைசி வரை படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அடுத்த படைப்பில் அவர்கள் இரண்டு பேரும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்கள் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அது தப்பு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்கப்புறம் மாற்றினேன். திரும்பி வரும் கடிதம் எழுதியவருக்கே நேராகப் போகும், எனக்குத் தலைப்பு வரிகள் மட்டும் வரும். போஸ்ட்ஃபிக்ஸில் நிர்வாகிக்குப் போகும் நகலில் தலைப்பு மட்டும் வைப்பது ஏற்கனவே உள்ள ஏற்பாடுதான், நான்தான் முன்னால் எல்லாவற்றையும் என் பெட்டிக்குத் திருப்பி வைத்திருந்தேன். ஸ்பாமில் மாட்டியதை நான் திறப்பதில்லை, "உங்கள் கடிதம் நின்றுவிட்டது, அனுப்பலாமா?" என்று எழுதியவருக்கே போகும். பதிவேட்டில் யாருக்கு, எப்போது, எவ்வளவு பெரிது என்பது மட்டும், அதுவும் 30 நாளில் அழிந்துவிடும். பேக்கப்பில் கடிதம் தங்காமல், வரிசையில் நிற்கும் கடிதங்களை அதிலிருந்து விலக்கிவைத்தேன், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், பெட்டியில் அழித்தது பேக்கப்பில் வருடக்கணக்கில் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி 43 பேருக்கும் அனுப்பினேன், "நினைத்தால் என்னால் படிக்க முடியும்" என்ற வரியோடு. இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று. கோபம் சரிதான்.

அண்ணே, சேவை செய்கிறவரைக் கேள்வி கேட்பது அவரை அவமதிப்பது ஆகாது. என்னை யாராவது 2016இலேயே கேட்டிருந்தால் 2019இல் அந்தக் கடிதம் என் கைக்கு வந்திருக்காது.

நெல்லிமரத்தடி | புதன், மாலை 5.20

தம்பி, உங்கள் மனசு பெரிசு. கேட்பதும் சந்தேகப்படுவதும் ஒன்று என்று நினைத்து எழுதிவிட்டேன். ஆனாலும் ஆச்சி முதலில் அந்த வீட்டாரைக் கேட்க வேண்டும் என்பதை விடமாட்டேன்.

முகப்புத்தூண் | புதன், இரவு 8.45

வழக்கறிஞராக இருப்பதால் சட்டப் பக்கம் மட்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல், 2008 திருத்தத்தில் சேர்த்த 72ஏ என்ற பிரிவு இருக்கிறது. ஒப்பந்தப்படி சேவை செய்யும்போது கைக்கு வந்த ஒருவருடைய சொந்தத் தகவலை, அவர் சம்மதமில்லாமல், நட்டம் உண்டாக்கும் நோக்கத்தோடோ உண்டாகும் என்று தெரிந்தோ வெளியிட்டால் 3 ஆண்டு வரை சிறை. வெளியிட்டதையும், நோக்கத்தையும், இன்னார்தான் என்பதையும் நிரூபிக்க வேண்டும். பந்தியில் கேட்ட ஒரு கேள்வியை வைத்து அங்கே போய் நிற்பது கடினம். 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். பெரிய தீர்ப்பு, ஆனால் அது முதன்மையாக அரசை நோக்கியது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது, எண் கொடுத்துக் கடிதம் கடத்தும் அமைப்பு அதன் கீழ் வரும் என்பது என் கருத்து.

வழக்கை விடுங்கள். எழுத்தில் நான்கு கேள்வி கேளுங்கள். சாவி எத்தனை பேரிடம், எவ்வளவு நாள் வைத்திருக்கிறீர்கள், நின்ற கடிதத்தை யார் திறக்கிறார், விலகினால் என் தகவலை அழிப்பீர்களா. பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

கண்மாய்மேடு | புதன், இரவு 9.30

வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இனிமேல் இப்படி அனுப்ப நேர்ந்தால் தாள்களைப் பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், பாஸ்வேர்டைப் போனில் சொல்லுங்கள், அதே மெயிலில் எழுதாதீர்கள். பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்கவே வேண்டாம், அது ஜாதகத்திலேயே இருக்கிறது. சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். இது நடுவில் இருப்பவருக்கு மட்டும்தான் பூட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் திறந்தவர் யாருக்கும் காட்டலாம்.

இரண்டாங்கட்டு | சனி, இரவு 10.15

எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நெல்லிமரத்தடி அண்ணன் சொன்னபடி முதலில் அந்த வீட்டாரை, அவர்கள் சம்மதம் கேட்டு, நேரே போனில் பேசினேன். கடிதத்தை அந்த ஆச்சியும் அவர் கணவரும் மட்டும் படித்ததாகவும், ஜோசியரிடம் ஜாதகத்தை மட்டும் கொடுத்ததாகவும் சொன்னார்கள். பையன் "ரிசீவ்டு" வரிகளைப் படம் பிடித்து அனுப்பினான். நடுச் சர்வரில் என் கடிதம் 19 மணி நேரம் நின்றிருக்கிறது.

அந்தப் படத்தை வைத்து நடத்துபவரிடம் நான்கு கேள்வியையும் எழுதிக் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டார். இணைப்பு நிறைய இருந்ததால் சர்வர் சந்தேகப்பட்டுப் பிடித்து வைத்திருக்கிறது. பிடித்ததைத் திறந்து பார்த்து விடுவிக்க ஐந்து பேர் முறை வைத்துப் பார்க்கிறார்கள், ஐந்து பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அன்றைக்கு யார் முறை என்பதற்குக் குறிப்பு கிடையாது. "நான் படிப்பதில்லை என்று சொன்னேன், எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கக்கூடாது" என்றார். குரல் கம்மியிருந்தது. பங்குவீடு தம்பி எழுதியதை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டினேன். நின்ற கடிதத்தை இனி எழுதியவரே விடுவிக்கும்படி செய்வதாகவும், ஆளுக்கு ஒரு சாவியும் பதிவும் வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார். என் தாள்களை அழித்துவிட்டதாகச் சொன்னார், பேக்கப்பிலும் அழித்தீர்களா என்று கேட்டேன், பார்த்துச் சொல்கிறேன் என்றார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை, திங்கட்கிழமை மறுபடி கேட்பேன்.

அந்த ஐந்து பேரில் யார் என்று நான் தேடப் போவதில்லை. பள்ளத்தூர் ஆச்சியையும் யார் சொன்னது என்று கேட்கப் போவதில்லை.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபமெல்லாம் என்மீதுதான். "என் நெஞ்சுல உள்ள தழும்பைப் பத்தி என்னைக் கேக்காமலே எழுதி அனுப்பிச்சியா, ஆத்தா?" என்று கேட்டாள். நான் அதை யோசிக்கவே இல்லை. இனி எந்த வீட்டுக்கும் ஜாதகமும் படமும் மட்டும் போகும். மற்றதை, பையனோடு பேசும்போது அவளே சொல்லிக்கொள்கிறாளாம். கோலாலம்பூர்ப் பையன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான்.